வழிமொழிந்தவள்

வியாழன், இரவு பதினொன்றரை

சிங்கப்பூர் வழக்கறிஞர் சங்கச் செயற்குழுவில் இளையவர்களுக்கு ஒரே இடம். நான் நிற்க நினைத்திருந்தேன். தோழி பரீதா முந்திக்கொண்டாள். வழிமொழியச் சொல்லி என்னிடமே படிவத்தை நீட்டினாள். "நீ சைன் பண்ணாதான் எனக்கு ராசி லா."

இன்று மாலை லிட்டில் இந்தியாவில் சங்கத்தின் இலவசச் சட்ட ஆலோசனை. கையில் காயக்கட்டோடு வந்த ஜூரோங் கப்பல் பட்டறை ஊழியரை என் மேசைக்கு அழைத்தேன். "பரவால்ல மேடம், அந்த அக்கா ஃப்ரீ ஆகட்டும்" என்று பரீதாவுக்காக முக்கால் மணி நேரம் நின்றார். நான் மேடம், அவள் அக்கா!

நாளை நண்பகலுக்குள் படிவம் போகவேண்டும். தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு, நின்றுகொண்டே இருந்த அந்த மனிதரின் நினைவு வந்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் பெயரை மட்டும் அவள் பெயரைவிடப் பெரிதாக எழுதினேன்.