முனை மழுங்கிய நட்சத்திரங்கள்

டிசம்பர் 3

அன்புள்ள சுண்டுவுக்கு,

அக்கா எழுதுவது. வெளியே தெரியாதபடி இந்தச் சீட்டை மாவுப் பையின் அடியில் வைத்து அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

போன வாரம் உன் கழுத்தில் பார்த்த தடம் கண்ணை விட்டுப் போகவில்லை. "கதவுல இடிச்சுக்கிட்டேன்க்கா" என்றாய். கதவுக்கு ஐந்து விரல் எப்போது முளைத்தது? மாப்பிள்ளை உன் போனையும் பிடுங்கிவிட்டார். நீ எழுதும் கடிதங்களைப் படித்துப் பார்த்துத்தான் தபாலில் சேர்க்கிறார். போலீசுக்குப் போகலாம் என்றால் என் காலைப் பிடித்துக் கெஞ்சுகிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது, சுண்டு. வாசலில் தபால்காரர் மணி அடித்தாலே ஓடிப் போய்ப் பார்க்கிறேன்.

வருடா வருடம் கிறிஸ்துமஸ் பிஸ்கட் சுட்டு அனுப்புவாய் அல்லவா? இந்த வருடமும் அனுப்பு. அதற்கு அவர் தடை சொல்லமாட்டார். நட்சத்திர அச்சில் வெட்டியிருந்தால் நீ நன்றாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன். மணி அச்சில் ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும், அன்றைக்கே ஆளோடு வந்து நிற்பேன்.

மாவை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்காமல் என்னை அச்சைத் தொடவே விடமாட்டாயே. அந்த அதட்டலைக் கேட்க ஏக்கமாக இருக்கிறது.

உன்
அவசரக்குடுக்கை அக்கா

டிசம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் மிக்க நலம். அவர் என்னைத் தங்கமாகத் தாங்குகிறார். நீ வீணாக எதையாவது கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

இத்துடன் இருபது பிஸ்கட் அனுப்பியிருக்கிறேன். எல்லாமே நட்சத்திரம். நானேதான் செய்தேன். பிசைந்த கையோடு வெட்டி அடுப்பில் வைத்துவிட்டேன். நான் எப்போதும் அப்படித்தானே செய்வேன்? முடியும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார்.

கிறிஸ்துமஸுக்கு நீ சிரமப்பட்டு வர வேண்டாம்.

அன்புத் தங்கை

பி.கு: அக்கா, நட்சத்திரங்களை நானே அடுக்கி வைத்தேன். இனிமேலாவது நிம்மதியாக இருங்கள்.
— மாப்பிள்ளை

டிசம்பர் 16
(நேரில்)

சுண்டு,

இந்தச் சீட்டைக் கொடுப்பவர் பெண் காவலர். அவரை நம்பு. அவருடன் வந்திருக்கும் இருவர் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள்.

இன்று காலை பார்சலைத் திறந்தேன். நட்சத்திரம் என்று சொல்ல ஒன்றுக்காவது முனை இருக்க வேண்டுமே! எல்லாம் இளகிப் பரந்து வட்டமாகக் கிடந்தன. பன்னிரண்டு வருடமாக நீ எனக்கு அனுப்பியதில் ஒரு முனை மழுங்கியதில்லை. உன் கடிதத்தை மறுபடி படித்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. நட்சத்திரத்தைச் சொல்லி என்னை நிம்மதியாக இருக்கச் சொல்கிறார் என்றால், என் சீட்டு அவர் கையில் சிக்கியிருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல நீ எழுதியிருக்கிறாய். மாவைக் குளிரவைக்காமல் வெட்டினேன் என்று நீ சேர்த்ததை மட்டும் சமையல் பேச்சு என்று விட்டுவிட்டார். அவர் கண்ணெதிரிலேயே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறாய், கெட்டிக்காரி.

அந்தச் சீட்டுக்காக எத்தனை அடி வாங்கினாயோ. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கோபம் இருந்தால் அப்புறம் ஆசை தீரத் திட்டு, வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்கிறேன்.

கீழே படிக்கட்டில் நிற்கிறேன். மேலே வரக்கூடாது என்று காவலர் சொல்லிவிட்டார். பெட்டி கட்டாதே. செருப்பைத் தேடாதே. அப்படியே இறங்கி வா.

அக்கா