காலித் தராசின் முள்

மார்ச் 4

தராசு விற்றே ஆளானவன் நான். இன்று டாக்டர் அறையில், நானே விற்ற தராசு என் மானத்தை வாங்கிவிட்டது. "மூட்டு தாங்காது. மே மாசத்துக்குள்ள நாலு கிலோ இறக்குங்க. இல்லேன்னா கடை மாடிப்படியை மறந்துடுங்க" என்றார். சரக்கு முழுக்க மாடியில்தான். படி ஏறாதவனுக்குக் கடையில் என்ன வேலை?

மனைவி தீர்ப்பே சொல்லிவிட்டாள்: எடை இறங்காவிட்டால் கல்லாவில் அவள் தம்பி. மைத்துனன் சாயங்காலமே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். "மாமா, இது கொஞ்சம் ஆடுதே."

"நாற்காலி ஆடலடா. நீதான் ஆடுற."

மார்ச் 6

காலை ஹாலில் பாய். எதிரே போனில் மகள்; வெளியூரில் வானியல் படிக்கிறாள், எனக்குப் பயிற்சி கொடுப்பதும் அவளே. பள்ளிக்கூடத்தில் தண்டனையாகப் போட்ட தோப்புக்கரணத்துக்கு இப்போது ஸ்குவாட் என்று பெயர். பிறகு பிளாங்க் — முழங்கையை ஊன்றிப் பலகை மாதிரி விறைத்துக் கிடக்க வேண்டும். வலி தெரியாமல் இருக்க வானத்துச் சங்கதி சொல்கிறாள்.

"வெள்ளி கிரகம் ஒரு தடவை தன்னைத்தானே சுத்தி முடிக்கறதுக்குள்ள அங்க ஒரு வருஷமே முடிஞ்சிடும்ப்பா."

"நான் இப்ப அங்கதாம்மா கிடக்கேன்."

மனைவி சோபாவில் டீயோடு. வேடிக்கை பார்க்க டிக்கெட் வாங்கினவள் மாதிரி.

மார்ச் 15

சூரியன் நொடிக்கு நாற்பது லட்சம் டன் இளைக்கிறதாம். ஒரு தோப்புக்கரணம்கூடப் போடாமல்! எனக்கு இம்மியும் அசையவில்லை.

மார்ச் 17

செய்துவிட்டேன்.

குளியலறைத் தராசின் அடியில் ஒரு திருகு உண்டு. தினம் ஒரு நூலளவு திருகினால் போதும், சந்தேகம் வராது. கடையில் ஒருவருக்கு இப்படிச் செய்திருந்தால் ஷட்டரை இழுத்துவிட்டு ஊரை விட்டே போயிருப்பேன். இங்கே ஏமாறுபவன் நான்தானே, யாருக்கு நஷ்டம்? யாரும் ஏறாதபோது முள் பூஜ்யத்துக்கு முன்னாலேயே நிற்கும். நிற்கட்டும். காலித் தராசை எவன் பார்க்கிறான்? ஏறின பிறகுதான் எல்லோரும் குனிகிறார்கள்.

மார்ச் 29

மகள் கை தட்டினாள். மைத்துனன் முகம் சுண்டிப்போனது. ஆகா! பிளாங்க்கைப் பாதியாக்கிவிட்டேன்.

ஏப்ரல் 5

மனைவி சரியாகச் சாப்பிடுவதில்லை. இன்று திடீரென்று, "பீரோ சாவி டீத்தூள் டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு. தெரிஞ்சு வச்சுக்கோங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் ஒளித்த சாவி! சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?

ஏப்ரல் 7

விஷயம் வெளியே வந்தது. "எனக்கு என்னமோ ஆயிடுச்சுங்க. தண்டால் எடுக்கறது நீங்க. சும்மா உக்காந்திருக்கிற நானும் இளைக்கிறேன். எங்க அக்காவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது..."

அடப்பாவி! அவளும் அதே தராசில்தானே ஏறுவாள்! ஊருக்கே தராசு விற்கிறவனுக்கு இது தோன்றவில்லையே. மடையா, மடையா.

கையைப் பிடித்து இழுத்துப் போய், தராசைக் கவிழ்த்து, திருகைக் காட்டினேன். அழுதாள். முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு சிரித்தாள். இது எப்படி வேலை செய்யுது என்று கேட்டாள். வாடிக்கையாளருக்கு விளக்குவது போல இரண்டு பக்கமும் திருகிக் காட்டி விளக்கினேன். முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினேன்.

ஏப்ரல் 8

பழைய எடைதான். இன்று அவளும் பாய் விரித்து என் பக்கத்தில். "இனிமே உங்களை நான் பாத்துக்கறேன்."

ஏப்ரல் 20

எடை இறங்கவில்லை. ஸ்குவாட்டை இரட்டிப்பாக்கினேன். சனி கிரகத்தைத் தண்ணீரில் போட்டால் மிதக்குமாம், அவ்வளவு லேசு. என்னைப் போட்டுப் பார்க்கட்டும்.

ஏப்ரல் 28

உயிர் போகிறது, எடை போகவில்லை. பேன்ட் வேறு இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. மட்டமான துணியைத் தலையில் கட்டிவிட்டான் அந்தத் துணிக்கடைக்காரன்.

"ஆமாமா, துணிதான் பெருசாயிருக்கும்" என்றாள் மனைவி.

மைத்துனன் என் நாற்காலிக்குக் குஷன் போட்டுவிட்டான். பூப்போட்டது.

மே 2

டாக்டரிடம் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன்.

"அஞ்சு கிலோ போயிருக்கே! தாராளமா படி ஏறுங்க. ஓடாதீங்க."

அது என் கடைத் தராசு. பொய் சொல்லாது. அப்போ வீட்டில் இருப்பது?

வந்ததும் நேராகக் குளியலறை. யாரும் ஏறாத தராசைக் குனிந்து பார்த்தேன். முள் பூஜ்யத்தைத் தாண்டி, சாதுவாக நின்றுகொண்டிருந்தது. இத்தனை நாளும் நானும் ஏறின பிறகுதானே குனிந்தேன்!

"டாக்டர் என்ன சொன்னார்?" — பச்சைக் குழந்தை முகம்.

"உன் தம்பியைக் குஷனை எடுத்துட்டுப் போகச் சொல்லு."

மே 3

நிலாவில் காற்றே கிடையாது, அதனால் அங்கே பதிந்த காலடி அழியாமல் கிடக்குமாம். மகள் சொன்னாள்.

பயிற்சி முடிந்ததும் குளியலறைத் தராசில் ஏறினேன். "அநியாயம், இன்னும் இறங்கலையே!" என்றேன், வேண்டுமென்றே சத்தமாக.

கதவுக்கு வெளியே ஒரு சிரிப்பு அவசரமாக அடங்கியது. "அப்ப வாங்க, இன்னும் பத்து போடலாம்."

திருகைத் தொடவில்லை. போய் அவள் பக்கத்தில் பாயில் நின்றேன்.