பொன்னுருக்கலில் வெடித்த கல்

உரும்பிராய்,
ஞாயிற்றுக்கிழமை

தக்சாயினியின் அப்பாவுக்கு, குணலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. நானும் மகளும் நலம் என்று எழுதத்தான் ஆசை, முடியவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே கத்தத் தொடங்கிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். முழுவதையும் வாசியுங்கள்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டில், உங்கள் அக்கா வீட்டில்தான், தாலிக்குப் பொன்னுருக்கல் நடந்தது. கலியாணப் பெண் அங்கே போகக்கூடாது என்பதால் மகளை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். அவள் பிறந்த மாதத்துக் கல் என்று நீங்கள் சுவிஸிலிருந்து அனுப்பிய பெரிடொட்டைப் பதக்கத்தில் பதித்து, காட்டுவதற்கு எடுத்துப் போயிருந்தேன். வாழைக்குருத்து நிறத்தில் என்ன வடிவு! கைக்குக் கை மாறியதில் மேல் வளையம் கழன்றுவிட்டது. நெருப்புத்தான் மூட்டிக் கிடக்குதே, இப்பவே பத்தர் ஒட்டித் தருவார் என்றார் அக்கா. பொன்னுருக்க வந்த பத்தர் குகதாசன், சிவப்புக் கல்லைப் போல இதுவும் சூடு தாங்கும் என்று நினைத்துவிட்டார். கல்லைக் கழற்றாமலே ஒட்டி, சூட்டோடு தண்ணீரில் போட்டார். கல் நடுவால் வெடித்தது.

பிழைதான், இல்லையென்று சொல்லவில்லை. பத்தரும் கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் மாப்பிள்ளை, உங்கள் மருமகன் சிவதர்ஷன், கள்ளா, கல்லை மாத்திப்போட்டுக் கண்ணாடியை வைச்சனியோ என்று கத்திக்கொண்டு பாய்ந்தான். தலைமயிரைப் பிடித்துப் பத்தரின் நெற்றியைப் பட்டடை இரும்பில் மோதினான். பிறகு அவருடைய வலது கையை அதே இரும்பில் வைத்து, அவருடைய சுத்தியலாலேயே அடித்தான். ஒரு அடி இல்லை. எலும்பு நொறுங்கிய சத்தம் இன்னும் என் காதில் நிற்கிறது. விலக்கப் போன என்னைத் தள்ளினான், விழுந்த இடத்தில் வளையல் உடைந்து கை கிழிந்தது. ஆம்பிளைகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிறைகுடத்தில் இரத்தம் தெறித்திருந்தது.

பிறகு அவன் கையைக் கழுவிவிட்டு வந்து, மாமி தேத்தண்ணி குடிச்சியளோ என்று பணிவாகக் கேட்டான். அடித்துவிட்டு அப்படிக் கேட்பவரோடு நானும் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

பத்தர் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். விரல்கள் இனி மடங்காதாம். பொலிசுக்குப் போக வேண்டாம் என்று அக்கா அவருடைய மனைவியிடம் கெஞ்சுகிறார். என்னிடமோ, கண்ணூறு கழிஞ்சது எண்டு நினை, பொன் உருக்கியாச்சு, இனி வேண்டாம் எண்டு சொல்லேலாது என்கிறார். தாலியை வேறு பத்தர் செய்வாராம். என்ன துணிவு பாருங்கள்!

மகளிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. வெளுத்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், நான் மாட்டன் எண்டால் அப்பா வந்து உங்களைத்தான் அடிப்பார் அம்மா, அதைவிட நான் கட்டுறன் என்றாள்.

கலியாணத்துக்கு நீங்கள் வரும் நாள் கிட்டிவிட்டது. அதற்கு முன்னம், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நீங்களே அவளுக்குச் சொல்லிவிடுங்கள். உங்கள் வாயால் கேட்டால்தான் நம்புவாள். அக்காவுக்கு முன்னால் தலைகுனிந்த கோபத்தை யாரிலாவது தீர்க்க வேண்டுமென்றால், வந்து என்னை அடியுங்கள். இத்தனை வருடம் பழகிய உடம்பு. அவளுடைய உடம்பு பழக வேண்டாம்.

நல்லூர்க் கந்தன் உங்கள் கைகளுக்கு அமைதி தரட்டும்.

இப்படிக்கு,
குணலட்சுமி