பம்பாய்க்கு வெற்றிலை பாக்கு

இன்று காலை கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. "அன்புள்ள வாடிக்கையாளரே, பாலித் தீவு உங்களை அழைக்கிறது. இந்தச் சலுகை நாளை வரை மட்டுமே." பல் தேய்த்துக்கொண்டே படித்தேன். நீங்கள் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள் என்பது அப்படியே காதில் விழுந்தது.

"தீவு கூப்பிடுதுங்களா? சரிங்க. தீவுல இருந்து யாரு வந்து கூப்பிட்டாங்க?"

வாயில் நுரையோடு சிரித்ததில் குளியலறைக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியதாயிற்று.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கோவைக்குத் தனியார் விமானங்கள் புதிதாக வந்துகொண்டிருந்தன. ஊரே அண்ணாந்து பார்த்தது, பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டது. விமானத்தில் ஏற நம் பக்கத்தில் இரண்டு காரணங்களைத்தான் ஒப்புக்கொள்வார்கள். ஒன்று, சொந்தமாக மில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இருதய ஆபரேஷன். வெறுமனே ஊர் பார்க்க ஒருவர் பறக்கலாம் என்ற எண்ணம் உங்களுக்குத்தான் முதலில் வந்தது. வெள்ளகோவிலில் மாமனாரின் எண்ணெய் மில்லைப் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் அதை விட்டுவிட்டு, காந்திபுரத்தில் ஒரு காரக்கடைக்கு மேல் மாடியில் டிராவல்ஸ் திறந்தீர்கள். நான் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். உங்கள் துண்டறிக்கையைத் திருத்த வந்தவன், கீழே வறுக்கும் மிக்சரின் வாசனைக்கு மயங்கிக் கூட்டாளி ஆனேன்.

உங்கள் மாமனார் கோபக்காரர் அல்ல. கோபத்தைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொல்வார். "தீபாவளிக்குள்ள ஒரு கூட்டத்தைப் பிளேன்ல ஏத்திக் காட்டுங்க மாப்ள. இல்லீன்னா பேசாம மில்லுக்கே வந்துருங்க." நீங்கள் சரி என்று சொல்லிவிட்டீர்கள். சொன்ன பிறகுதான் காலண்டரில் நாட்களை எண்ணினீர்கள். நானும்தான்.

பம்பாய்க்கு விமானம், அங்கிருந்து எல்லோரா, திரும்புவது ரயிலில். இருபது பேர் சேர்ந்தால்தான் விமானக் கம்பெனி குழுச் சலுகை தரும். நான் எழுதினேன்: 'வானில் பறக்க அரிய வாய்ப்பு! முந்துபவர்க்கே முதலிடம்!' ஆச்சரியக்குறிகள் இரண்டும் என்னுடையவை. ஆயிரம் அச்சடித்தோம். ஒருவரும் வரவில்லை. கீழ்க்கடைக்காரர் மட்டும், பொட்டலம் மடிக்க நல்ல காகிதம் என்று பாராட்டினார்.

விஷயத்தை உடைத்துச் சொன்னவர் பொள்ளாச்சிக் கொப்பரை வியாபாரி. உங்களுக்குத் தூரத்துச் சொந்தம். "முந்தறவனுக்குத்தான்னு போட்டிருக்கீங்க. பந்திக்கு முந்தறாப்பல நாங்க ஓடி வரோணுமா? நோட்டீசைப் பாத்துப்போட்டு வாரதுக்கு இதென்ன ஏலமுங்களா? ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கூப்பிட்டா வராமயா போயிருவோம்?"

பொள்ளாச்சியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் துண்டறிக்கையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். உக்கடம் வந்ததும் சொன்னீர்கள்: "ஏனுங்க, ஊரு பெருசில்லீங்க. கூப்பிடறவங்கதான் பெருசு."

மறுநாளே கிளம்பினோம். வெள்ளித் தட்டு உங்கள் வீட்டுடையது. அதில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், அதன்மேல் என் துண்டறிக்கை. ஒற்றை ஆளாகப் போய் அழைக்கக்கூடாது என்பதால் இருவரும் போனோம். கல்யாண அழைப்பு போலவே கும்பிட்டு, "குடும்பத்தோட பம்பாய்க்கு வந்து சிறப்பிக்கோணுமுங்க" என்றீர்கள். நான் இவ்வளவு தீவிரமான முகத்தோடு எதையும் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

உடுமலைப் பக்கம் ஒரு அம்மணி தட்டை வாங்கிக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

"எத்தனை மணிக்குங்க கெளம்புது?"

"பதினொன்னரைக்குங்க. ராகுகாலம் முடிஞ்சிருமுங்க."

"சாப்பாடு?"

"மேலயே போடறாங்க."

"பந்திக்கு எந்திரிச்சுப் போகோணுமா?"

"உக்காந்த எடத்துக்கே வருமுங்க."

அவர் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "நல்ல மரியாதைதான். போலாமுங்க."

பட்டியல் மளமளவென்று நிறைந்தது. விமானக் கம்பெனிக்குப் போன் செய்து பேரம் பேசுமளவுக்கு நமக்குத் திமிர் வந்துவிட்டது. ஒரே ஒரு ஆள்தான் குறைவு என்ற நிலையில் உங்கள் மனைவி அலுவலகத்துக்குப் போன் செய்தார். "அப்பா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு. பொள்ளாச்சியக் கூப்பிட்டாச்சு, உடுமலையக் கூப்பிட்டாச்சு, எனக்கு ஒரு வெத்தலைகூட வல்லைன்னு வாரவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டிருக்காரு."

மாலைக்குள் கொப்பரை வியாபாரியும் தகவல் அனுப்பினார்: மாமனை விட்டுவிட்டுச் சொந்தக்காரர்கள் பறப்பது நன்றாக இருக்காது, யோசிக்கிறோம். அவர் யோசித்தால் பட்டியலில் பாதி யோசிக்கும் என்று நமக்குத் தெரியும். விமானம் கவிழக்கூடாது என்பதற்காக, அது கவிழ வேண்டும் என்று காத்திருப்பவரையே போய் அழைக்க வேண்டும். ராஜதந்திரம் பற்றி நான் படித்த எதிலும் இப்படி ஒரு கட்டம் வரவில்லை.

காங்கயம் தாண்டியதிலிருந்து நீங்கள் தட்டைத் துடைத்துக்கொண்டே வந்தீர்கள். மாமனார் மில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து நல்லெண்ணெய் வாசம். துண்டறிக்கையை முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார். பின்பக்கம் ஒன்றுமே இல்லை, அதையும் படித்தார்.

"நான் வந்தா உங்க கணக்கு நெறைஞ்சிரும்."

"ஆமாங்க மாமா."

"நெறைஞ்சா நீங்க மில்லுக்கு வர மாட்டீங்க."

"ஆமாங்க மாமா."

"தெரிஞ்சேதான் கூப்பிடறீங்களா?"

"கூப்பிடாம உட்டது தப்புங்க. அதுக்குத்தான் வந்தோம். வாரதும் வராததும் உங்க இஷ்டமுங்க."

உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தோள்துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து நின்று தட்டை வாங்கினார். "சன்னலோரம் கெடைக்குமா?"

அந்த விமானத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கால் தரையில் நிற்பதில்லை. கதவருகே பணிப்பெண் கைகூப்பி வரவேற்றதும் நம் கூட்டம் முழுத் திருப்தி அடைந்தது. "வாசல்ல நின்னு கூப்பிடறாங்க பாருங்க" என்று ஒருவர் சான்றிதழே கொடுத்தார். கொப்பரை வியாபாரி அந்தப் பெண்ணிடம், "நீங்க சாப்பிட்டீங்களா அம்மணி?" என்று கேட்டுவிட்டுத்தான் தன் பொட்டலத்தைப் பிரித்தார். சக்கரம் தரையை விட்டதும் யாரோ குலதெய்வத்தை உரக்கக் கூப்பிட, மொத்த விமானமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது, டை கட்டியிருந்த இரண்டு பம்பாய்க்காரர்கள் உட்பட.

உங்கள் மாமனார் மட்டும் நெற்றியைச் சன்னலில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலை போய்க் கடல் வந்தது. நீங்கள் என் கையைப் பிடித்திருந்தீர்கள், வலித்தது. வெகுநேரம் கழித்து அவர் திரும்பினார்.

"ஏனுங் மாப்ள, இந்தத் தண்ணிக்கு அந்தப் பக்கம் என்ன ஊருங்க?"

"மஸ்கட்டுங்க மாமா."

"அதுக்கு எப்பக் கூப்பிடுவீங்க?"

நீங்கள் மூக்கை உறிஞ்சினீர்கள். ஏ.சி. குளிர் என்று பிறகு சொன்னீர்கள். நானும் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு மில்லைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. மஸ்கட்டுக்கும் போனோம், தட்டோடுதான்.

நீங்கள் போய்விட்டதாகச் செய்தி வந்த அன்று யாரும் கூப்பிடக் காத்திராமல் கிளம்பி வந்தேன். அந்த ஒரு பயணத்துக்குத்தான் நம் ஊரில் அழைப்பு கிடையாது.

எனக்கு இன்னும் அந்த வியாதி போகவில்லை. நல்ல கட்டணம் கண்ணில் பட்டால் யாருக்கும் செய்தியாகத் தட்டிவிட மனம் வருவதில்லை. போன வாரம் வியட்நாமுக்கு மலிவாக ஒன்று அகப்பட்டது. மனைவியை அழைத்துக்கொண்டு, வெற்றிலை பாக்கோடு எதிர்வீட்டு மணியை அடித்தேன். வெளியூர்ப் பிள்ளைகள், கணவன் மனைவி இருவரும் கணினி வேலை. குடிவந்து இரண்டு வருடம், லிஃப்டில் புன்னகைப்பதோடு சரி.

"யாருக்கு அங்கிள் கல்யாணம்?" என்றான் பையன்.

"கல்யாணம் இல்லை தம்பி. வியட்நாம்."

அவன் சிரித்தான். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றவள், "எங்களையா கூப்பிடறீங்க?" என்று கேட்டாள். தேதி கேட்கவில்லை, விலை கேட்கவில்லை. ஈரக் கைகளைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு இரண்டையும் நீட்டினாள்.