எட்டரையும் எண்பத்தொன்றரையும்

அன்புள்ள என்னங்க அவர்களுக்கு,

நானும் மகளும் நலம். சக்கர நாற்காலியை நீங்களே உருட்டிப் பழகிவிட்டதாக நர்ஸம்மா போனில் சொன்னார். நீங்கள் சொல்லவில்லை.

உங்கள் கடிதம் வந்தது. நம் வாசலில் மூன்று படி, அண்ணன் வீட்டில் படியே இல்லை, அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே போய்விடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு முறை படித்தும் எனக்குப் புரியவில்லை. கோபமா, கூச்சமா, நிஜமாகவே படிதான் காரணமா? சரி, படியையே ஒரு கை பார்ப்போம் என்று சாய்தளம் போடக் கிளம்பினேன்.

படிகளின் மொத்த உயரம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர். அங்கிருந்து கேட் வரை மூன்று மீட்டர். மகள் நாற்பத்தைந்தை முந்நூறால் வகுத்து, கால்குலேட்டரைத் தட்டி, சாய்வு எட்டரை டிகிரி என்றாள். சாய்தளம் செய்ய வந்த வெல்டர் கயிறு கட்டி, கோணமானியை வைத்துப் பார்த்து, எண்பத்தொன்றரை என்றார். எனக்குத் தலை சுற்றியது. இது ஏணிங்க, இதுல அவரு எப்படி ஏறுவாரு என்று சண்டைக்கே போய்விட்டேன். முப்பது வருஷமா இப்படித்தாம்மா அளக்குறேன் என்று அவர் முறைத்துக்கொண்டார்.

மகள்தான் தரையில் செங்கோண முக்கோணம் வரைந்து பஞ்சாயத்து செய்தாள். சுவரும் தரையும் சேருமிடத்தில் தொண்ணூறு. மிச்சத் தொண்ணூறை மேல்மூலையும் கீழ்மூலையும் பங்குபோட்டுக்கொள்கின்றனவாம். வெல்டர் சுவரிலிருந்து அளந்திருக்கிறார், இவள் தரையிலிருந்து. இரண்டு பேரும் ஒரே சாய்வைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் நடுவில் கத்தியிருக்கிறேன்.

அத்தோடு விட்டதா? ஐந்து டிகிரிக்கு மேல் கூடாது என்று ஆஸ்பத்திரித் தாளில் இருக்கிறது. அதற்கு ஐந்தே கால் மீட்டர் நீளம் வேண்டுமாம். பக்கச் சுவரோரம் அவ்வளவு இடம் உண்டு. ஆனால் அங்கே உங்கள் பைக் ஷெட் நின்றது.

பிரித்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. பிரிக்கும்போது அழுதேன். இனி நீங்கள் அந்த பைக்கை ஓட்டப்போவதில்லை என்று நாம் இருவரும் ஒருநாள்கூடப் பேசிக்கொள்ளவில்லையே.

நேற்று சாய்தளம் முடிந்ததும் மகளை வாடகைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து மேலே தள்ளினேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை. அவள் உங்களைவிடக் கொஞ்சம்தான் ஒல்லி, தெரியுமா?

படிதான் காரணம் என்றால் அது இனி இல்லை. வேறு ஏதாவது என்றால் வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை வண்டியோடு வருகிறேன். டிரைவருக்கு நம் வீட்டு வழி மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து அவரிடம் வேறு விலாசம் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி