கயிறு கையில இருக்கா

மார்ச் 2, சனி
நாளை பாறை ஏறும் குழுவோடு தீவுக்கு, அண்ணியும் நானும். பயிற்சிக் கூடத்துச் சுவரில் பல்லி மாதிரி ஏறுகிறவனுக்குக் கடற்பாறை எம்மாத்திரம் என்று அண்ணியிடம் அளந்தேன். அவர் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "இறங்கி வந்து சொல்லு தம்பி" என்றார்.

மார்ச் 3
எழுதவே கூசுகிறது.

படகு எங்கள் இருவரையும் பாறையடித் திட்டில் இறக்கிவிட்டு, மற்றவர்களோடு மறுபக்கம் போய்விட்டது. ஏறுவது நான், கீழே கயிறு பிடிப்பது அண்ணி. காலைத் தூக்குமுன் வழக்கப்படி, "கயிறு கையில இருக்கா?" என்றேன். "இருக்கு, ஏறு." ஒரு முறைதான் கேட்பது. மறுபடி கேட்டால் பிடிப்பவரை நம்பவில்லை என்று அர்த்தம்.

பாதிக்கு மேல் போய்க் கீழே பார்த்துத் தொலைத்தேன். நேர் கீழே கடல். அழுதேன் — ஆமாம், அழுதேன். "மூச்சை விடு தம்பி, நான் இருக்கேன்ல" என்று அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தார். பிடி நழுவி விழுந்தேன். கயிறு அவர் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. அவர் விடவில்லை.

திரும்பும்போது கேப்டன் கேட்டார். படகும் ஏறும் குழுவும் அவருடையவை. "என்னப்பா, பாதியிலயே இறங்கிட்டே?"

"அண்ணிக்குப் பயம் வந்துடுச்சு."

எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு? அண்ணி என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு கையைத் துண்டில் சுற்றிக்கொண்டார்.

மார்ச் 5
அண்ணியால் கத்திரி பிடிக்க முடியவில்லை. அண்ணன்தான் துணி வெட்டித் தருகிறான். கை எப்படி ஆனது என்று கேட்டானாம். "பாறையில தேச்சுக்கிட்டேன்" என்றாராம்.

மார்ச் 8
கேப்டன் போன் செய்தார். இனி அண்ணி வர வேண்டாமாம். "பயத்துல கயித்த நழுவ விட்டிருக்காங்க. அந்தக் கையப் பார்த்தாலே தெரியுது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் நல்லதுக்கு. நான் என்ன சொன்னேன்? "சரிங்க" என்றேன். நானெல்லாம் ஒரு மனுஷனா?

மார்ச் 9
அண்ணியிடம் சொல்ல வேண்டியதாயிற்று. பொத்தான் தைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கட்டுப்போட்ட கையில் ஊசி தடுமாறியது.

"பயந்தேன்னு சொன்னது கூடப் பரவாயில்ல தம்பி. விட்டுட்டேன்னு ஆயிடுச்சே."

மார்ச் 10
கூடத்தில் எல்லோர் முன்னாலும் கேப்டனிடம் சொன்னேன். பயந்தது நான், அழுதது நான், பிடியை விட்டது நான்; அண்ணி கயிற்றை விடவே இல்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

ஏப்ரல் 7
மறுபடி தீவு. யார் யாரோடு என்று பிரித்தபோது அண்ணியே என்னைக் காட்டினார். அவர் ஏற, நான் கயிறு பிடித்தேன். நிமிர்ந்து முகம் பார்க்க முடியவில்லை.

"கயிறு கையில இருக்கா?"

"இருக்கு அண்ணி."

துணி வெட்டுகிற நிதானத்தோடு ஏறினார். நான் அழுத இடம் வந்ததும் நின்றார். கீழே திரும்பவில்லை.

"தம்பி, கயிறு கையில இருக்கா?"

"இருக்கு அண்ணி" என்றேன்.