குசினியில் காய்ச்சிய கூழ்

ஏளா, இன்று காலை பழைய துறைமுகத்துப் பக்கம் ஆட்டோவில் போனேன். ரெண்டு நாள் காற்றில் கரையெல்லாம் கஞ்சிப்பாசி ஒதுங்கி வெயிலில் அழுகிக் கிடந்தது. ஆட்டோக்கார அண்ணாச்சி ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டே ஓட்டினார். நான் பொத்தவில்லை. திங்கட்கிழமைகளில் நீ லேபுக்குள் நுழையும்போது உன் சேலையிலிருந்து வந்த அதே நாற்றம். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

நம் கல்லூரியில் நான் விலங்கியல் வாத்திச்சி, நீ லேப் அசிஸ்டண்ட். ஒரே வயது. நாசரேத்தில் மணியடித்தால் ஜெபம், மணியடித்தால் சாப்பாடு என்று வளர்ந்த எனக்கும், புன்னக்காயல் கரையில் வாயாடியே வளர்ந்த உனக்கும் எப்படித்தான் ஒட்டிக்கொண்டதோ. ஆட்கள் முன்னால் என்னை 'மிஸ்' என்பாய். நாம் மட்டும் என்றால் 'ஏளா'.

ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுவை ஒரே நேரத்தில் இரண்டு ரசாயனங்கள் கூப்பிட்டால் அது எந்தப் பக்கம் போகும்? அதுதான் நம் ஆராய்ச்சி. கண்ணாடி ஸ்லைடில் பாசிக்கூழ் ஊற்றி, உறைந்ததும் வரிசையாக மூன்று குழி. நடுக்குழியில் அணுக்கள். இடது குழியில், அடிபட்ட இடத்து அணுக்கள் உதவிக்கு ஆள் கூப்பிட விடுகிற ரசாயனம். வலது குழியில், கிருமியே கசியவிடுகிற ரசாயனம். இடது பக்கம் ஊரார் போடும் கூச்சல், வலது பக்கம் திருடனோட காலடி என்று நீ சொல்வாய். எனக்கு ஊசியைக் கண்டாலே தலை சுற்றும். அதனால் எப்போதும் உன் ரத்தம்தான். மீன் தின்று வளர்ந்த ரத்தம், நல்லா ஓடும் என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டுவாய்.

சுத்தம் செய்த கூழ்ப்பொடிக்கு ஆர்டர் போட்டால் வந்துசேர மாதக்கணக்காகும். அந்தப் பொடியே பாசியிலிருந்துதானே வருகிறது, கரையில் ஒதுங்குவதை அள்ளி நாமே காய்ச்சினால் என்ன என்று கேட்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டுக் குசினியில் கழுவி, காய்ச்சி, துணியில் வடிகட்டி, தூக்குச்சட்டியில் கொண்டுவந்தாய். அந்தக் கூழில் நம் அணுக்கள் எந்தப் பக்கமும் போகாமல் நடுவிலேயே நின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை. சமமான இரண்டு அழைப்புகளுக்கு நடுவே வெள்ளை அணு முடிவெடுக்க முடியாமல் திகைத்துவிடுகிறது என்று கட்டுரை எழுதினேன். அச்சானது. கல்லூரி வாசலில் என் படத்தோடு பேனர் கட்டினார்கள். நானும் இளித்துக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றேன்.

பிறகு ஒருவழியாகப் பொடி வந்தது. யாரும் கேட்காமலேயே நீ அதில் ஒரு ஸ்லைடு போட்டுப் பார்த்திருக்கிறாய். அணுக்கள் நேராக வலது பக்கம் போய் மொய்த்துக் கிடந்தன. உன் கூழில் ஏன் நின்றன என்பதையும் நீயே சொன்னாய். அழுகின பாசியோடு வந்த கிருமிக்கழிவு, எவ்வளவு காய்ச்சியும் போகாமல் கூழ் முழுக்கக் கலந்திருந்தது. நாலாபக்கமும் ஒரே அழைப்பாக இருந்தால் அது எங்கே போகும்? அணுக்கள் திகைக்கவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நம் அழுக்கில் மாட்டிக்கொண்டிருந்தன.

"ஏளா, தப்பு என் பாசிலதான் இருக்கு. என் பேரச் சொல்லியே எழுதிரு. இல்லன்னா இத நம்பி எவளாவது கெடந்து சாவப்போறா" என்றாய்.

நான் செய்ததை எழுதவே கை கூசுகிறது. அடுத்த மாதம் பதவி உயர்வு நேர்காணல், அது முடியட்டும் என்றேன். முடிந்தது, துறைத்தலைவி ஆனேன். அப்புறம் பார்க்கலாம் என்றேன். மூன்றாவது தடவை நீ கேட்டபோது, "ஒனக்கு என்ன தெரியும்? ஸ்லைடு கழுவுற வேலைய மட்டும் பாரு" என்றேன். நீ கதவு வரை போய்த் திரும்பி, "சரி மிஸ்" என்றாய். அறையில் நம் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. அதற்கப்புறம் கடைசிவரை, ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, நான் உனக்கு மிஸ்தான்.

உன் அடக்கத்தன்று, என் வலது கை போய்விட்டது என்று எல்லோர் முன்னாலும் பேசினேன். உன் மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சீ!

போன வாரம் வடக்கே எங்கிருந்தோ ஓர் ஆராய்ச்சி மாணவி மெயில் அனுப்பியிருந்தாள். நம் கட்டுரையை நம்பி இரண்டு வருஷமாகச் செய்து பார்க்கிறாளாம். அணுக்கள் நிற்கவே மாட்டேன் என்கின்றனவாம். 'உன் கைதான் சரியில்லை' என்று அவளைக் கைடு திட்டுகிறாராம். நீ சொன்ன 'எவளோ' வந்தேவிட்டாள். கூழ் தயாரித்த உதவியாளர் அதிகம் படிக்காதவர், கவனக்குறைவாக இருந்திருப்பார், இப்போது உயிரோடு இல்லை என்று பதில் தட்டி வைத்தேன். அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை. ஒரு வாரமாகப் போனில் கிடந்தது. சீழ் என்பது செத்துப்போன வெள்ளை அணுக்கள்தான் என்று நான் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கும். அதுகளாவது தன் வேலையைச் செய்துவிட்டுச் செத்தவை. என்னை நினைத்தால்தான் எனக்கு உமட்டுகிறது.

இன்று அந்தப் பாசிக் குவியலுக்குப் பக்கத்திலேயே ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். இங்கனயா, நாறுதே என்றார் அண்ணாச்சி. இங்கேதான் என்றேன். தட்டி வைத்திருந்ததை அழித்துவிட்டு அந்த மாணவிக்கு வேறு எழுதினேன். 'உன் கையில் ஒரு குறையும் இல்லை, எங்கள் கூழில் அழுக்கு இருந்தது, அதை எங்கள் உதவியாளர் அப்போதே கண்டுபிடித்துச் சொன்னார், மறைத்தது நான்.' உதவியாளர் என்ற இடத்தில், ஏளா, உன் பேரை முழுசாகப் போட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று பத்திரிகைக்கும் ஒன்று அனுப்பினேன். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இத்தனை வருஷம் கழித்து, நீ இல்லாதபோது சொல்கிறேன்.

கூழை உரித்து, சாயம் ஏற்றி, ஓரத்தில் உன் நகப்பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்து நீ என்னிடம் தந்த அந்தப் பொடிக்கூழ் ஸ்லைடு என் கைப்பையில்தான் இருக்கிறது. யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் அன்றைக்கு எடுத்து வைத்தேன். சாயங்காலம் லேபில் ஆளில்லாதபோது மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் உன் ரத்தத்து அணுக்கள். உன்னை மண்ணுக்குள் வைத்தாயிற்று, அவை மட்டும் நடுக்குழியை விட்டுக் கிளம்பி, இடது பக்கத்துக் கூச்சலைத் திரும்பியும் பாராமல், போகவேண்டிய இடத்தில் போய் நிற்கின்றன. ரொம்ப நேரம் பார்த்தேன். என்னையறியாமல் வாய்விட்டு "ஏளா" என்று கூப்பிட்டேன். பதிலுக்கு 'மிஸ்' என்று சொல்லக்கூட ஆளில்லை.